ஃபுல் பாடியா, ஸ்ப்ளிட்டா? முதலில் வாரத்துக்கு எத்தனை நாள் வருவீர்கள் என்று சொல்லுங்கள்

கேள்வி இதுதான்: எட்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறீர்கள். பயிற்சியாளர் கொடுத்த அட்டவணைப்படி திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை, வெள்ளி கால். ஆனால் வேலை காரணமாக வாரத்துக்கு மூன்று நாள்தான் போக முடிகிறது. சில வாரம் நான்கு. நண்பர் ஒருவர், இப்படி நாளுக்கொரு தசை என்று பிரிக்கும் ஸ்ப்ளிட்டை விட்டுவிட்டு, வரும் ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் பயிற்சி கொடுக்கும் ஃபுல் பாடி செய்யச் சொல்கிறார். பயிற்சியாளரோ, “ஃபுல் பாடி எல்லாம் புதுசா வர்றவங்களுக்கு, நீங்க அதைத் தாண்டியாச்சு” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

உங்கள் விஷயத்தில் நண்பர் சொல்வதைக் கேளுங்கள். ஃபுல் பாடிக்கு ஏதோ தனி மகிமை இருப்பதால் அல்ல, நீங்கள் வாரத்துக்கு மூன்று நாள் வருகிற ஆள் என்பதால். இதே கேள்வியை ஐந்து நாளும் தவறாமல் வருகிற, பல வருடம் எடை தூக்கிய ஒருவர் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

தசை வளர்வதற்குத் தேவையானது அட்டவணையின் பெயர் அல்ல. ஒரு வாரத்தில் அந்தத் தசைக்கு எத்தனை கடினமான செட் கிடைத்தது என்பதுதான் பெரும்பாலும் விஷயம். (ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்கிற ஒரு சுற்று ஒரு செட், அதற்குள் ஒவ்வொரு முறை தூக்கி இறக்குவதும் ஒரு ரெப்.) கடினமான செட் என்றால், முடிக்கும்போது இன்னும் ஒன்று அல்லது இரண்டு ரெப்ஸ், அதிகபட்சம் மூன்று, செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்துவது. பத்து ரெப்ஸ் செய்துவிட்டு இன்னொரு பத்து செய்யத் தெம்பிருந்தால் அது வார்ம்-அப். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இப்படிக் கணக்கிட்டால், ஒரு தசைக்கு வாரத்துக்குப் பத்து செட்டும் அதற்கு மேலும் செய்தவர்களுக்கு, குறைவாகச் செய்தவர்களைவிட வளர்ச்சி கூடுதலாக இருந்ததாக 2017 இல் வந்த தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது) சொன்னது. அதற்காகப் பத்துக்குக் கீழே செய்தால் வீண் என்று பொருள் இல்லை. ஐந்து, ஆறு செட்டிலும் தசை வளரும், கொஞ்சம் மெதுவாக.

இப்போது அந்தப் பத்து, பன்னிரண்டு செட்டை ஒரே நாளில் கொட்டுவதா, மூன்று நாளுக்குப் பிரித்துக் கொடுப்பதா என்பதுதான் ஸ்ப்ளிட், ஃபுல் பாடி சண்டை முழுவதும். இதில் ஆராய்ச்சியின் போக்கு சுவாரசியமானது. 2016 இல் உடற்பயிற்சி ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபெல்டும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட தொகுப்பாய்வில், ஒரு தசைக்கு வாரத்துக்கு ஒரு முறை பயிற்சி கொடுப்பதைவிட இரண்டு முறை கொடுப்பது மேல் என்று வந்தது. ஃபுல் பாடி ஆட்கள் கொடியேற்றிக் கொண்டாடினார்கள். 2019 இல் அதே ஷோன்ஃபெல்ட் குழு கூடுதல் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வாரத்தின் மொத்த செட்டுகள் சமமாக இருந்தால் எத்தனை நாளில் பிரித்தாலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. 2024 இல் ஃபுல் பாடியையும் ஸ்ப்ளிட்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட தொகுப்பாய்வும் இதையே சொன்னது: மொத்த அளவு சமம் என்றால் வலிமையிலும் சரி, தசை வளர்ச்சியிலும் சரி, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்படியானால் எதையாவது எடுத்துக்கொண்டு செய்யலாமே என்று தோன்றும். ‘மொத்த அளவு சமமாக இருந்தால்’ என்ற நிபந்தனையில்தான் எல்லாம் இருக்கிறது. ஆய்வில் கலந்துகொள்கிறவர் நாள் தவறாமல் வருகிறார், பக்கத்தில் ஒருவர் நின்று செட் எண்ணுகிறார். நம் வாழ்க்கையில் அப்படி நடப்பதில்லை.

உங்கள் ஐந்து நாள் அட்டவணையையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வருவது மூன்று நாள். கிழமைப்படி செய்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், திங்கள், செவ்வாய், புதன் வந்துவிட்டு வாரக் கடைசியில் வேலையில் மாட்டிக்கொண்டால் கையும் காலும் மாதக்கணக்கில் தொடப்படாமல் கிடக்கும். (கால் நாள் ஏன் எல்லா அட்டவணையிலும் வெள்ளிக்கிழமைக்கே போய் விழுகிறது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.) கிழமையைப் பார்க்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாலும், ஐந்து பயிற்சிகள் ஒரு சுற்று முடிய சுமார் பன்னிரண்டு நாள் ஆகிறது. அதாவது உங்கள் முதுகுக்கு மாதத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறைதான் வேலை. அதே மூன்று நாளில் ஃபுல் பாடி செய்தால் மாதத்துக்குப் பன்னிரண்டு முறை.

ஒரு நாள் தவறினால் என்ன ஆகிறது என்பதும் முக்கியம். ஐந்து நாள் ஸ்ப்ளிட்டில் ஒரு நாள் போனால், ஏதோ ஒரு தசைக்கு அந்த வாரம் முழுவதும் பூஜ்யம். மூன்று நாள் ஃபுல் பாடியில் ஒரு நாள் போனால், எல்லாத் தசைக்கும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மீதி இரண்டு பங்கு கிடைத்துவிடுகிறது. அந்த வாரத்தில் நீங்கள் எதையும் இழக்கவில்லை என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் இருக்கிற வலிமையையும் தசையையும் காப்பாற்றிக்கொள்ள, புதிதாக வளர்ப்பதற்குத் தேவையானதைவிட மிகக் குறைந்த பயிற்சியே போதும். ஒழுங்காக வர முடியாதவர்களுக்கு ஃபுல் பாடியைச் சொல்வதற்கு என் முதல் காரணம் இதுதான். உடலியல் காரணம் எல்லாம் அதற்கு அப்புறம்.

சரி, உடலியலையும் பார்த்துவிடுவோம். எடை தூக்கியதும் தசையில் புரதம் சேர்கிற வேகம் கூடுகிறது. 1995 இல் மேற்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், பயிற்சி முடிந்து 24 மணி நேரத்தில் அந்த வேகம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. 36 மணி நேரத்தில் கிட்டத்தட்டப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. 1997 இல் வந்த இன்னொரு ஆய்வில், பயிற்சிக்குப் பழகாதவர்களுக்கு 48 மணி நேரத்துக்குப் பிறகும் கொஞ்சம் உயர்ந்தே இருந்தது. பழகப் பழக இந்த நேரம் சுருங்குகிறது. இதை வைத்துத்தான், திங்கள் நெஞ்சு செய்தால் புதன்கிழமையோடு அதன் பலன் முடிந்துவிடுகிறது, அடுத்த திங்கள்வரை தசை சும்மா கிடக்கிறது என்ற வாதம் வருகிறது.

வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது மட்டும் முழு உண்மையாக இருந்திருந்தால், வாரம் ஒரு முறை செய்தவர்கள் எல்லா ஆய்விலும் மோசமாகத் தோற்றிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஒரே நாளில் நிறைய செட் செய்தால் தூண்டுதலும் பெரிதாக இருக்கிறது, ஓரளவுக்கு. அதனால் அந்த 36 மணி நேரக் கணக்கைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

‘ஓரளவுக்கு’ என்றேன். அந்த அளவு எங்கே முடிகிறது என்பதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நெஞ்சு நாள் என்று வைத்துக்கொண்டு பெஞ்ச் பிரஸ் (படுத்து எடையை மேலே தள்ளுவது) நான்கு செட், இன்க்ளைன் (சாய்ந்த பெஞ்சில் அதையே செய்வது) நான்கு செட், டம்பெல் ஃப்ளை மூன்று, கேபிள் மூன்று, கடைசியில் புஷ்-அப் இரண்டு என்று பதினாறு செட் செய்கிறீர்கள். முதல் எட்டு செட்டில் நீங்கள் தூக்கிய எடையையும், கடைசி எட்டில் தூக்கியதையும் எழுதிவைத்துப் பாருங்கள். கடைசிப் பகுதியில் எடை குறைந்திருக்கும், ரெப்ஸ் குறைந்திருக்கும், நெஞ்சுக்கு முன்னால் தோளும் ட்ரைசெப்ஸும் (மேற்கையின் பின்பக்கத் தசை) கைவிட்டிருக்கும். நெஞ்சு நன்றாக ‘பம்ப்’ ஆகியிருக்கும், அதாவது ரத்தம் ஏறி உப்பியிருக்கும், அதனால் வேலை நடந்தது போலத் தெரியும். அதே பதினாறு செட்டை இரண்டு நாளாகப் பிரித்தால், பதினாறில் குறைந்தது பன்னிரண்டு செட் உருப்படியான எடையில் இருக்கும். ஒரே உட்காரலில் ஒரே தசைக்கு எட்டு, பத்து செட்டைத் தாண்டினால் அதற்கு மேல் கிடைப்பது வேகமாகக் குறைகிறது என்பது என் கணிப்பு. பழகியவர்கள் பலரும் கிட்டத்தட்ட இந்த எண்ணைத்தான் சொல்வார்கள்.

இதே நியாயத்தை ஃபுல் பாடிக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும், அங்கேயும் ஓட்டை இருக்கிறது. ஸ்குவாட்டில் (எடையைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவது) தொடங்கினால், மூன்று கனமான செட் முடித்ததும் மூச்சு வாங்கும். அதற்குப் பிறகு பெஞ்ச், ரோ (எடையை உடம்பை நோக்கி இழுப்பது), ரோமானியன் டெட்லிஃப்ட் (இடுப்பில் குனிந்து எடையோடு நிமிர்வது) என்று போய், கடைசியில் தோளுக்கும் கைக்கும் வரும்போது உடம்பு வீட்டுக்குப் போகலாம் என்கிறது. பட்டியலில் கடைசியில் இருப்பதற்கு எப்போதும் அரைகுறை வேலைதான். தோள்பட்டை அகலமாக வேண்டும் என்று ஆசைப்படுகிற ஒருவர் ஒவ்வொரு நாளும் லேட்டரல் ரெய்ஸை (எடையோடு கைகளைப் பக்கவாட்டில் உயர்த்துவது) கடைசியில் வைத்தால், ஒரு வருடம் கழித்துக் கண்ணாடியில் அது தெரியும்.

இன்னொரு தொல்லை வார்ம்-அப். நெஞ்சு நாளில் பெஞ்ச்சுக்கு ஒரு முறை வார்ம்-அப் செய்தால் போதும், மீதி எல்லாம் சூடான தசையில் நடக்கிறது. ஃபுல் பாடியில் ஸ்குவாட்டுக்குத் தனி, பெஞ்ச்சுக்குத் தனி, டெட்லிஃப்ட்டுக்கு (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) தனி. 60 கிலோ ஸ்குவாட் செய்கிறவருக்கு இது இரண்டு சின்ன செட். 150 கிலோ செய்கிறவருக்கு வெறும் கம்பியிலிருந்து தொடங்கி நான்கு, ஐந்து படி ஏற வேண்டும். அதற்கே பதினைந்து நிமிடம் போகும். மாலை நேரக் கூட்டத்தில் ஸ்குவாட் ரேக், பெஞ்ச், கேபிள் என்று மூன்று இடத்துக்கும் வரிசையில் நிற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரைகளில் இது வராது, ஆனால் ஃபுல் பாடியைப் பலர் கைவிடுவது இதனால்தான்.

பயிற்சியாளர் சொன்ன ‘புதுசா வர்றவங்களுக்கு’ என்பதில் பாதி உண்மை இருக்கிறது என்பதற்கு இதுவே காரணம். புதிதாக வருகிறவருக்கு முதல் சில மாதங்களில் கூடுகிற வலிமையில் பெரும்பங்கு தசையால் வருவதல்ல, நரம்பு மண்டலம் அந்த அசைவைக் கற்றுக்கொள்வதால் வருவது. ஸ்குவாட்டை வாரத்துக்கு மூன்று முறை செய்கிறவர், ஒரு முறை செய்கிறவரைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வார். நீச்சல் கற்பதுபோலத்தான் இதுவும். தவிர அவர் தூக்குகிற எடை சிறியது, களைப்பும் சிறியது, மறுநாளே தேறிவிடுகிறார். எடை ஏற ஏற ஒவ்வொரு செட்டும் உடம்பிடம் கேட்கிற விலையும் ஏறுகிறது. கனமான ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் மூன்றையும் ஒரே நாளில், அதுவும் வாரத்துக்கு மூன்று முறை முழு மூச்சில் செய்வது பலமானவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அப்போது பிரித்துக்கொள்வது இயல்பாக வருகிறது. ஆனால் எட்டு மாதம் ஆனதாலேயே அந்த நிலைக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. அதுவும் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை கால் செய்துகொண்டிருந்த எட்டு மாதம். எத்தனை மாதம் ஆனது என்று பார்க்காதீர்கள், தூக்குகிற எடையைப் பாருங்கள்.

அனுபவசாலிகளுக்கு ஃபுல் பாடி வேலை செய்யாது என்பதும் சரியல்ல. 2015 இல் ஏற்கெனவே நன்றாகப் பயிற்சி பெற்ற ஆண்களை வைத்து எட்டு வாரம் நடந்த ஆய்வில், ஒரு குழு ஸ்ப்ளிட் செய்தது, இன்னொரு குழு அதே மொத்த அளவை மூன்று நாள் ஃபுல் பாடியாகச் செய்தது. வலிமை இருவருக்கும் ஒத்த அளவில் கூடியது. முன்கையை மடக்கும் தசைகளில், அதாவது பைசெப்ஸ் பகுதியில், ஃபுல் பாடிக் குழுவுக்குக் கூடுதல் தடிமன் வந்தது. சிறிய ஆய்வு, எட்டே வாரம். அதைத் தலையில் வைத்து ஆட வேண்டாம். ஆனால் ‘அதைத் தாண்டியாச்சு’ என்ற பேச்சுக்கு அது பதில்.

ஒரு நாளைக்கு ஒரு தசை என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது? உடற்கட்டுப் போட்டிகளில் 1947 இல் மிஸ்டர் அமெரிக்காவும் 1950 இல் மிஸ்டர் யுனிவர்ஸும் ஆன ஸ்டீவ் ரீவ்ஸ் முழு உடம்பையும் ஒரே நாளில், வாரத்துக்கு மூன்று முறை பயிற்சி செய்தவர். 1951 இல் மிஸ்டர் யுனிவர்ஸ் ஆன ரெக் பார்க்கின் பெயரோடு ஐந்து செட், ஐந்து ரெப்ஸ் முறை இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தின் பெரிய உடல்கள் பலவும் இப்படி உருவானவைதான். அப்புறம் போட்டி கடுமையாகி, ஒவ்வொரு தசையையும் தனித்தனியாகச் செதுக்க வேண்டிய கட்டாயம் வந்தது, செட்டுகள் கூடின, ஒரே நாளில் அடங்கவில்லை, பிரித்தார்கள். 1970 இல் தன் முதல் மிஸ்டர் ஒலிம்பியா பட்டத்தை வென்ற அர்னால்ட் ஸ்வார்ஸ்னேகர் வாரத்துக்கு ஆறு நாள், போட்டி நெருங்கும்போது ஒரே நாளில் இரண்டு வேளைகூடப் பயிற்சி செய்தார். அந்த அட்டவணைகள் பத்திரிகைகளில் வந்தன, பத்திரிகையிலிருந்து ஜிம் சுவருக்கு வந்தன.

இதற்கிடையில் 1958 இல் டயனபால் என்ற, தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்திருந்தது. ஸ்ப்ளிட் முறையைக் கண்டுபிடித்ததே ஸ்டீராய்டுதான் என்று சிலர் சொல்வது மிகை. அதற்கு முன்னாலும் பிரித்துச் செய்தவர்கள் உண்டு. ஆனால் மேடை உடல்களைப் பார்த்து அட்டவணையைப் பின்பற்றுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1996 இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஓர் ஆய்வில் பத்து வாரத்துக்குச் சிலருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டீரான் (ஆண் ஹார்மோன்) ஊசி போட்டார்கள். ஊசி இல்லாமல் எடைப் பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை சுமார் 2 கிலோ கூடியது. ஊசி மட்டும் போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாதவர்களுக்குச் சுமார் 3 கிலோ. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ. பயிற்சி செய்யாமல் உட்கார்ந்திருந்தவர் பயிற்சி செய்தவரை முந்துகிறார் என்றால், ஊசி போட்டுக்கொள்கிற ஒருவருக்கு எந்த அட்டவணையும் பலிக்கும். அவர் அட்டவணை உங்களுக்குச் சான்று ஆகாது.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்பது. மூன்று நாள், இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. இரண்டு விதமான பயிற்சிகளை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். முதல் வகையில் ஸ்குவாட் மூன்று செட், பெஞ்ச் பிரஸ் மூன்று, ஏதாவது ஒரு ரோ மூன்று, ரோமானியன் டெட்லிஃப்ட் இரண்டு, லேட்டரல் ரெய்ஸ் இரண்டு, பைசெப்ஸ் கர்ல் இரண்டு. இரண்டாவது வகையில் டெட்லிஃப்ட் இரண்டு செட், ஓவர்ஹெட் பிரஸ் மூன்று, புல்-அப் அல்லது லாட் புல்டவுன் மூன்று, லெக் பிரஸ் அல்லது லஞ்ச் (ஒரு காலை முன்வைத்து இறங்கி எழுவது) மூன்று, இன்க்ளைன் டம்பெல் பிரஸ் இரண்டு, ட்ரைசெப்ஸ் இரண்டு. ஒரு வாரம் முதல் வகை இரண்டு முறை, அடுத்த வாரம் இரண்டாவது வகை இரண்டு முறை வரும். டெட்லிஃப்ட்டுக்கு ஐந்து ரெப்ஸ், மற்ற பெரிய பயிற்சிகளுக்கு ஆறிலிருந்து பத்து, கைக்கும் தோளுக்கும் பத்திலிருந்து பதினைந்து.

ஒரு நாளைக்குப் பதினைந்து செட். பெரிய பயிற்சிகளில் செட்டுக்கு இடையே இரண்டு, மூன்று நிமிடம் தாராளமாக ஓய்வெடுங்கள். ஒரு நிமிட ஓய்வையும் மூன்று நிமிட ஓய்வையும் ஒப்பிட்ட 2016 ஆய்வில், மூன்று நிமிடம் எடுத்தவர்களுக்குத்தான் வலிமையும் தசையும் கூடுதலாக வந்தன. வியர்வை கொட்டினால்தான் பயிற்சி என்று நினைக்கிறவர்களுக்கு இது பிடிக்காது. நேரம் போதாவிட்டால் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யாத இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பெஞ்ச் ஒரு செட், ஒரு நிமிடம் கழித்து ரோ ஒரு செட், மறுபடி பெஞ்ச். வார்ம்-அப்போடு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதில் நெஞ்சுக்கு வாரத்துக்கு ஏழு, எட்டு செட்டும் முதுகுக்கும் தொடைக்கும் ஒன்பது செட்டும் நேரடியாகக் கிடைக்கிறது. கைக்குக் குறைவு என்று தோன்றும். எல்லா ரோவிலும் புல்டவுனிலும் பைசெப்ஸ் உழைக்கிறது, எல்லா பிரஸ்ஸிலும் ட்ரைசெப்ஸ் உழைக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை பதினாறு செட் செய்துவந்திருந்தாலும், வாரக் கணக்கில் அது கிட்டத்தட்ட இதே ஒன்பது செட்தான்.

எல்லா நாளும் ஒரே வரிசையில் செய்ய வேண்டாம். ஒரு நாள் ஸ்குவாட்டில் தொடங்கினால் அடுத்த நாள் ஓவர்ஹெட் பிரஸ்ஸில் தொடங்குங்கள். மேலே சொன்ன ‘கடைசியில் வருவதற்கு அரைகுறை வேலை’ என்ற குறை இதனால் பெரிய அளவில் தீரும். உங்களுக்கு எந்தத் தசை முக்கியமோ அதை வாரத்தில் ஒரு நாளாவது முதலில் வையுங்கள்.

நான்காவது நாள் கிடைக்கிற வாரத்தில் என்ன செய்வது? அதை உதிரி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். கை, தோளின் பக்கவாட்டு, கெண்டைக்கால், வயிறு என்று நாற்பது நிமிடத்தில் முடிகிற சின்ன வேலைகள். வர முடிந்தால் லாபம், வர முடியாவிட்டால் எதுவும் குடிமுழுகிப் போகாது.

நான்கு நாளும் நிச்சயம் என்ற நிலை வந்தால் அப்பர், லோயர் என்று இரண்டாகப் பிரிக்கும் முறைக்குப் போகலாம்: திங்கள் மேல் உடம்பு, செவ்வாய் கீழ் உடம்பு, வியாழன் மேல், வெள்ளி கீழ். என்னைக் கேட்டால் ஜிம்மில் நடைமுறையில் இருக்கிற அத்தனை முறைகளிலும் பெரும்பாலானவர்களுக்குப் பொருத்தமானது இதுதான். ஒவ்வொரு தசைக்கும் வாரத்துக்கு இரண்டு முறை வேலை. ஒரு நாளில் ஒரு தசைக்கு ஆறு, ஏழு செட், அதுவும் களைப்பு தலைக்கேறும் முன்பே. ஒரு நாள் தவறினாலும் பாதி கிடைத்துவிடும். புஷ், புல், லெக்ஸ் முறை (தள்ளும் பயிற்சிகள் ஒரு நாள், இழுப்பவை ஒரு நாள், கால் ஒரு நாள்) வாரத்துக்கு ஆறு நாள் வருகிறவர்களுக்கு நல்லது. அதையே மூன்று நாள் மட்டும் செய்வது எனக்குப் பிடிக்காத ஏற்பாடு. பார்க்க நவீனமாக இருந்தாலும், ஒவ்வொரு தசைக்கும் வாரத்துக்கு ஒரே முறைதான் வருகிறது. ஒரு நாள் விட்டால் அதுவும் இல்லை. மூன்று நாள்தான் என்றால் அதே செட்டுகளைக் கலந்து ஃபுல் பாடியாகச் செய்வதில் என்ன கஷ்டம்?

ஃபுல் பாடியிலிருந்து எப்போது மாறுவது? பயிற்சி ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டே போவது ஓர் அடையாளம். முதலில் செய்கிற பயிற்சியில் எடை ஏறிக்கொண்டே இருந்து, பின்னால் வருபவை மாதக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்பது இன்னொன்று. ஏதாவது ஒரு தசைக்கு வாரத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து செட் கொடுத்தால்தான் அசையும் என்ற நிலை வரும்போதும் ஃபுல் பாடியில் இடம் போதாது. இவை வராமல், ‘ஒரே மாதிரி செய்தால் உடம்பு பழகிவிடும்’ என்று மாற்றாதீர்கள். உடம்பு பழகினால் எடையைக் கூட்டுங்கள். எல்லா செட்டிலும் குறித்த உச்ச ரெப்ஸ் வந்ததும் அடுத்த முறை இரண்டரை கிலோ சேருங்கள், ரெப்ஸ் குறையும், மறுபடி ஏற்றுங்கள். இதை ஒரு நோட்டில் எழுதாமல் செய்ய முடியாது.

இன்னும் சில பேச்சுகள் காதில் விழும். தசைக்கு ஏழு நாள் ஓய்வு வேண்டும் என்பார்கள். சாதாரண அளவு வேலைக்கு இரண்டு, மூன்று நாள் போதும். ஃபுல் பாடி கொழுப்பைக் கரைக்கும் என்பார்கள். கொழுப்பு குறைவது சாப்பாட்டுக் கணக்கில், அட்டவணையில் இல்லை. மறுநாள் வலித்தால்தான் வேலை நடந்தது என்பார்கள். வலி பழக்கமில்லாத வேலையின் அடையாளம், வளர்ச்சியின் அளவுகோல் அல்ல. ஸ்ப்ளிட் செய்கிறவர்களுக்கு எப்போதும் வலி இருப்பதற்கு, ஒரே நாளில் பதினாறு செட்டைக் கொட்டிவிட்டு ஒரு வாரம் விடுவதுதான் காரணம்.

வயதானவர்களுக்கும், ஓட்டம், கால்பந்து போல வேறு விளையாட்டு முக்கியமாக இருப்பவர்களுக்கும் யோசிக்கவே வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள் ஃபுல் பாடி. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், எல்லா முக்கியத் தசைகளுக்கும் வாரத்துக்கு இரண்டு நாளாவது வலுவூட்டும் பயிற்சி என்றுதான் சொல்கிறது.

கடைசியாக, மாறும்போது ஒரு எச்சரிக்கை. கால் நாளை அடிக்கடி விட்ட ஒருவர் திடீரென்று வாரத்துக்கு மூன்று முறை கால் செய்தால் முதல் வாரம் படி இறங்க முடியாது. அதனால் முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு செட்டைக் குறைத்து, எடையையும் கொஞ்சம் குறைத்துச் செய்யுங்கள். அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது தசை சேதமும் வலியும் தானாகவே குறையும். மூன்றாவது வாரத்தில் முழு செட்டுகளுக்கும் வந்துவிடலாம். முந்தைய நாளின் வலி லேசாக இருக்கும்போது பயிற்சி செய்வதில் தவறில்லை, வார்ம்-அப்பிலேயே அது தணிந்துவிடும். தணியாமல் அசைவே சுருங்கிப்போனால் அன்றைக்கு அந்தப் பயிற்சியை ஒரு செட்டோடு விட்டுவிடுங்கள். தசையில் இல்லாமல் மூட்டில் குத்துகிற வலி என்றால் அது வேறு கதை. அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.